வீட்டிலேயே ஹேக்கிங் லேப்: அமைப்பது முதல் பயிற்சி வரை முழுமையான வழிகாட்டி

எத்திக்கல் ஹேக்கிங் (அனுமதியோடு பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடுவது) கற்க வருபவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். ஹேக்கிங் கருவிகள் நிறைந்த இயங்குதளமான காளி லினக்ஸை நிறுவிய கையோடு, தயாரான தாக்குதல் நிரல்களின் தொகுப்பான மெட்டாஸ்ப்ளாய்டைத் திறக்கிறார்கள். தாக்கிப் பார்க்க எதுவும் இல்லாததால் வீட்டு ரவுட்டர் மீதோ, யாரோ ஒருவருடைய வலைத்தளம் மீதோ கை போகிறது. கற்றலும் அங்கேயே தடம் மாறுகிறது.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். முதல் பாதி முழுக்க ஒரே வேலைதான்: நீங்கள் தவறு செய்தாலும் அது வெளியே போகாதபடி ஓர் இடத்தை உருவாக்குவது. அது முடிந்த பிறகு எதையும் பயமில்லாமல் உடைத்துப் பார்க்கலாம்.

## 1. எல்லையை முதலில் தீர்மானியுங்கள்

உங்களுக்குச் சொந்தமான கணினி, அல்லது உரிமையாளர் எழுத்தில் அனுமதி தந்த கணினி. இந்த இரண்டைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. "சும்மா ஸ்கேன்தானே செய்தேன்" (எந்த வழிகள் திறந்திருக்கின்றன என்று தட்டித்தானே பார்த்தேன்) என்பது பல நாடுகளில் உங்களைக் காப்பாற்றாது.

கல்லூரி வைஃபை, அலுவலக நெட்வொர்க், நண்பரின் தளம் எல்லாம் இந்தத் தடைக்குள் அடங்கும். நண்பர் வாய்மொழியாகச் சரி என்றாலும், அவருடைய தளம் இருக்கும் சர்வர் வேறு ஒரு நிறுவனத்தினுடையது. அவர்கள் சரி என்று சொல்லவில்லை.

ஆனால் கவனமாக இருப்போம் என்ற உறுதிமொழி மட்டும் போதாது. நள்ளிரவில் ஓர் எண்ணைத் தவறாகத் தட்டினால் ஸ்கேன் வீட்டில் உள்ள மற்றவர்களின் போன்களுக்குப் போய்விடும். அதனால் எல்லையை மனதில் வைப்பதோடு நெட்வொர்க்கிலேயே போட்டுவிடுவோம். நான்காம் படி அதற்குத்தான்.

## 2. கணினி தாங்குமா என்று பாருங்கள்

காளியும், நாம் தாக்கப் போகும் இலக்குக் கணினியும் உங்கள் கணினிக்குள்ளேயே மென்பொருளால் ஓடும் கணினிகள், அதாவது விர்ச்சுவல் மெஷின்கள். ரேம் 8 ஜிபி இருந்தால் தொடங்கலாம். காளிக்கு 2 ஜிபி, இலக்குக் கணினிக்கு 512 எம்பி கொடுத்தால் போதும். 16 ஜிபி இருந்தால் நிம்மதி. டிஸ்க்கில் 60 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். ஸ்னாப்ஷாட்டுகள் (மெஷினின் அப்போதைய நிலையைச் சேமித்த பதிவுகள்) சேரச் சேர இடத்தைத் தின்னும். எஸ்எஸ்டி இல்லையென்றால் எல்லாமே ஊர்ந்துதான் போகும்.

அடுத்து, கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில் விர்ச்சுவலைசேஷன் இயக்கப்பட்டிருக்க வேண்டும். இன்டெல் பிராசஸரில் இது விடி-எக்ஸ் என்றும், ஏஎம்டியில் எஸ்விஎம் அல்லது ஏஎம்டி-வி என்றும் இருக்கும். அணைந்திருந்தால் விர்ச்சுவல் மெஷின் தொடங்கும்போதே பிழை காட்டி நின்றுவிடும்.

விண்டோஸில் இன்னொரு சிக்கல் உண்டு. விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி இயங்கிக்கொண்டிருந்தால், மெஷின்களை ஓட்ட நாம் பயன்படுத்தப் போகும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் அதன் மேல் ஏறி மெதுவாக ஓடும். விர்ச்சுவல் மெஷின் ஜன்னலின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமைச் சின்னம் தெரிந்தால் காரணம் இதுதான்.

ஆப்பிளின் எம் வரிசைச் சிப் உள்ள மேக் என்றால் ஒரு வித்தியாசம்: ஆர்ம் சிப்புக்கான காளி நன்றாக ஓடும், ஆனால் இங்கே பயன்படுத்தப் போகும் இலக்குக் கணினி எக்ஸ்86 சிப்புக்காக உருவானது. அதை யூடிஎம் மென்பொருளில் எமுலேஷன் (வேறு சிப்பைப் போல நடிக்கும்) முறையில் ஓட்ட வேண்டியிருக்கும். வேகம் குறைவு, பயிற்சிக்குப் போதும்.

## 3. இறக்கியதைச் சரிபாருங்கள்

மூன்று பொருள்கள் தேவை: விர்ச்சுவல்பாக்ஸ், விர்ச்சுவல்பாக்ஸுக்கென்றே தயாராகக் கிடைக்கும் காளி இமேஜ், மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2. கடைசியாகச் சொன்னது வேண்டுமென்றே ஓட்டைகளோடு தயாரிக்கப்பட்ட லினக்ஸ் கணினி. ரேப்பிட்7 நிறுவனம் பயிற்சிக்காக இலவசமாகத் தருகிறது.

அதிகாரப்பூர்வத் தளங்களிலிருந்து மட்டும் இறக்குங்கள். இறக்கிய பிறகு, காளி தளத்தில் கோப்புக்கு அருகே கொடுத்திருக்கும் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பை (கோப்பின் கைரேகை போன்றது) உங்கள் கோப்பின் மதிப்போடு ஒப்பிடுங்கள். விண்டோஸின் பவர்ஷெல்லிலும் லினக்ஸ், மேக் டெர்மினலிலும் இதைக் கணக்கிட ஒரே வரிக் கட்டளை உண்டு.

ஏறக்குறைய எல்லோரும் தாண்டிப்போகும் படி இது. ஏன் தாண்டக் கூடாது என்பதற்கு அசைக்க முடியாத சாட்சி ஒன்று மெட்டாஸ்ப்ளாய்டபிளுக்குள்ளேயே இருக்கிறது. பதினோராம் படியில் அதைக் கையால் தொட்டுப் பார்ப்பீர்கள்.

## 4. முதலில் வேலி, அப்புறம்தான் இலக்கு

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் நிதானமாகப் படிக்க நேரம் இருக்கிறதென்றால் இதைப் படியுங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் ஒவ்வொரு மெஷினுக்கும் நெட்வொர்க் முறையை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முக்கியமானவை நான்கு.

நேட்: மெஷினுக்கு இணையம் கிடைக்கும், ஆனால் மெஷின்கள் ஒன்றையொன்று பார்க்காது. இரண்டு மெஷின்களையும் நேட்டில் வைத்துவிட்டு "பிங் போகவில்லை" (ஒன்று மற்றொன்றை எட்டவில்லை) என்று மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம். இரண்டின் முகவரியையும் பார்த்தால் இரண்டுமே 10.0.2.15 என்று காட்டும். தனித்தனி அறைகள், ஒரே கதவு எண்.

ப்ரிட்ஜ்டு: மெஷின் உங்கள் வீட்டு ரவுட்டரிடம் நேரடியாக முகவரி வாங்கி, வீட்டில் உள்ள போன்களுக்கும் டிவிக்கும் நடுவே உட்கார்ந்துகொள்ளும். ஓட்டை நிறைந்த கணினியை ஒருபோதும் இதில் வைக்காதீர்கள். "எப்படியோ பிங் போகிறது" என்பதாலேயே பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் பார்த்த தவறுகளிலேயே ஆபத்தானது இதுதான்.

ஹோஸ்ட்-ஒன்லி: மெஷின்கள் ஒன்றையொன்று பார்க்கும், உங்கள் சொந்தக் கணினியையும் பார்க்கும். இணையம் கிடையாது. வழக்கமாக 192.168.56 என்று தொடங்கும் முகவரிகள் தானாகவே கிடைக்கும்.

இன்டர்னல் நெட்வொர்க்: மெஷின்கள் மட்டும் தங்களுக்குள் பேசும், சொந்தக் கணினிகூடத் தெரியாது. பாதுகாப்பில் இதுவே மேல். ஆனால் முகவரிகளை நீங்களே கையால் அமைக்க வேண்டும்.

தொடக்கத்துக்கு ஹோஸ்ட்-ஒன்லி போதும், உங்கள் கணினியின் ஃபயர்வால் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. ஐபி முகவரிகளை அமைப்பது கைவந்த பிறகு இன்டர்னலுக்கு மாறிவிடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸின் டூல்ஸ் பகுதியில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து, ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க் ஒன்று இருக்கிறதா, முகவரிகளைத் தானாகத் தரும் அதன் டிஹெச்சிபி சேவை இயங்குகிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால் உருவாக்கிக்கொள்ளுங்கள்.

## 5. காளியைத் தயார் செய்யுங்கள்

இமேஜ் 7-ஜிப் கோப்பாக வரும். அதை விரித்து, உள்ளே இருக்கும் மெஷின் கோப்பை விர்ச்சுவல்பாக்ஸின் ஆட் பொத்தான் வழியே சேருங்கள். பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டுமே காளி (kali) என்ற நான்கு ஆங்கில எழுத்துகள்தான். முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

இப்போதைக்கு முதல் நெட்வொர்க் அடாப்டர் நேட்டிலேயே இருக்கட்டும், அப்டேட்டுக்கு இணையம் தேவை. பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிப்பதும் பேக்கேஜ்களைப் புதுப்பிப்பதும் இரண்டு தனிக் கட்டளைகள். முதலாவதை மட்டும் செய்துவிட்டு முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். டெல்நெட் கிளையண்ட் (தொலைக் கணினியில் நுழையும் பழைய முறை), வயர்ஷார்க் (நெட்வொர்க் போக்குவரத்தைப் பதிவு செய்வது), என்மேப் (ஸ்கேன் கருவி), நெட்கேட் (நேரடி இணைப்புக் கருவி), பர்ப் சூட் (வலைக் கோரிக்கைகளை இடைமறித்துக் காட்டுவது) இருக்கின்றனவா என்றும் பார்த்து, இல்லாததை நிறுவிக்கொள்ளுங்கள்.

பிறகு மெஷினை அணைத்து, இரண்டாவது அடாப்டரை இயக்கி அதை ஹோஸ்ட்-ஒன்லியில் வையுங்கள். கிளிப்போர்டு பகிர்வையும் ஃபோல்டர் பகிர்வையும் அணைத்துவிடுங்கள். வசதிதான், ஆனால் வேலியில் நாமே போடும் ஓட்டை அது.

## 6. இலக்கை ஏற்றுங்கள்

மெட்டாஸ்ப்ளாய்டபிள் ஜிப் கோப்பை விரித்தால் விஎம்டிகே என்று முடியும் டிஸ்க் கோப்பு ஒன்று இருக்கும். இதை இம்போர்ட் அப்ளையன்ஸ் வழியாகத் திறக்கப் பார்த்துப் பலர் தோற்கிறார்கள். செய்ய வேண்டியது வேறு: புதிய மெஷின் ஒன்றை உருவாக்குங்கள், வகை 32 பிட் லினக்ஸ், ரேம் 512 எம்பி, டிஸ்க் கேட்கும் இடத்தில் "ஏற்கெனவே இருக்கும் டிஸ்க்" என்பதைத் தேர்ந்து அந்தக் கோப்பைக் காட்டுங்கள்.

நில்லுங்கள், இன்னும் தொடங்காதீர்கள். புது மெஷின் எப்போதும் நேட் முறையில்தான் பிறக்கும். முதலில் அதை ஹோஸ்ட்-ஒன்லிக்கு மாற்றுங்கள். அதன் பிறகு ஸ்டார்ட்.

கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டும் தெரியும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அந்தத் திரையிலேயே எழுதியிருக்கும். கடவுச்சொல்லைத் தட்டும்போது எதுவும் நகராது, அது இயல்புதான். மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் வலது கன்ட்ரோல் விசை வெளியே விடும்.

## 7. வேலியைச் சோதியுங்கள்

இரண்டு மெஷின்களின் ஐபி முகவரிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். காளியின் இரண்டாவது அடாப்டர் (உள்ளே இது இடைமுகம்) முகவரி வாங்காமல் நின்றால், நெட்வொர்க் மேனேஜரில் அதற்கென்று தனி இணைப்பு ஒன்றைச் சேருங்கள்.

மூன்று சோதனைகள். காளியிலிருந்து இலக்குக்குப் பிங் போக வேண்டும். இலக்கிலிருந்து காளிக்குப் போக வேண்டும். இலக்கிலிருந்து 8.8.8.8 என்ற வெளி முகவரிக்குப் போகக் கூடாது. நெட்வொர்க்கை அடைய முடியவில்லை என்ற பிழை உடனே வர வேண்டும். அந்தப் பிழையைப் பார்க்கும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பயிற்சி நேரத்தில் காளியின் நேட் அடாப்டரையும் துண்டித்துவிடுங்கள். அமைப்பில் "கேபிள் கனெக்டட்" என்ற குறியை எடுத்தால் போதும், மெஷினை அணைக்கத் தேவையில்லை. இப்போது நீங்கள் எந்த எண்ணைத் தவறாகத் தட்டினாலும் அது இந்தச் சின்ன நெட்வொர்க்கைத் தாண்டாது.

## 8. ஸ்னாப்ஷாட் எடுங்கள்

இரண்டு மெஷின்களையும் அணைத்துவிட்டு, இரண்டுக்கும் "சுத்தமான நிலை" என்ற பெயரில் ஒரு ஸ்னாப்ஷாட். எதை உடைத்தாலும் இங்கே திரும்பலாம். ஒவ்வொரு பயிற்சியையும் இந்த நிலையிலிருந்தே தொடங்குங்கள். நேற்றைய மாற்றம் இன்றைய விடையைக் கெடுக்காது.

ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. மூல டிஸ்க் கோப்பு கெட்டால் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து போகும்.

## 9. முதல் பயிற்சி: தாக்காமல் கவனியுங்கள்

காளியில் வயர்ஷார்க்கைத் திறந்து ஹோஸ்ட்-ஒன்லி இடைமுகத்தைத் தேர்ந்து பதிவைத் தொடங்குங்கள். இன்னொரு டெர்மினலில் இலக்குக்கு டெல்நெட் போட்டு உள்ளே நுழைந்து, ஏதாவது இரண்டு கட்டளைகள் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். வயர்ஷார்க்கில் ஒரு டெல்நெட் பாக்கெட் மேல் வலது சொடுக்கு, "ஃபாலோ டிசிபி ஸ்ட்ரீம்".

பயனர் பெயரின் ஒவ்வோர் எழுத்தும் இரண்டிரண்டு முறை தெரியும். கடவுச்சொல்லின் எழுத்துகள் ஒரே ஒரு முறை தெரியும். காரணம்: நீங்கள் அனுப்பும் எழுத்தை சர்வர் திரையில் காட்டுவதற்காகத் திருப்பி அனுப்புகிறது, கடவுச்சொல்லை மட்டும் திருப்பி அனுப்புவதில்லை. திரையில் மறைந்திருக்கும் கடவுச்சொல் கம்பியில் அப்பட்டமாகப் போகிறது. இதை ஒரு முறை கண்ணால் பார்த்தவர் டெல்நெட் ஏன் கூடாது என்பதை மறக்கவே மாட்டார்.

அதையே, எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் எஸ்எஸ்ஹெச் வழியாகச் செய்து பாருங்கள். இங்கே ஒரு தடை வரும்: இலக்கின் எஸ்எஸ்ஹெச் மிகப் பழையது, உபுண்டு 8.04 என்ற பழைய லினக்ஸ் பதிப்பின் காலத்தது. இன்றைய காளி அதன் சாவி வகையை ஏற்க மறுத்து, பொருத்தமான ஹோஸ்ட் சாவி இல்லை என்று சொல்லும். பிழைச் செய்தியிலேயே இலக்கு தரும் சாவி வகைகளின் பெயர் இருக்கும். அந்தக் கட்டளைக்கு மட்டும் ஆர்எஸ்ஏ வகையை அனுமதித்தால் உள்ளே போகலாம். பழைய முறைகளைப் புதிய மென்பொருள் ஏன் ஒதுக்குகிறது என்று யோசிக்க இது நல்ல இடம்.

## 10. ஸ்கேன்: கிடைத்ததை நம்பி நின்றுவிடாதீர்கள்

இலக்கின் ஒற்றை முகவரிக்கு என்மேப்பை எந்தத் தேர்வும் இல்லாமல் ஓட்டுங்கள். இருபதுக்கும் மேற்பட்ட திறந்த போர்ட்டுகள் (சேவைகள் காத்திருக்கும் எண்ணிட்ட வாயில்கள்) வரும்: எஃப்டிபியின் 21, டெல்நெட்டின் 23, வலையின் 80, மைஎஸ்க்யூஎல்லின் 3306 என்று நீளும்.

இதோடு நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. என்மேப் தானாகப் பார்ப்பது அதிகம் பயன்படும் 1000 டிசிபி போர்ட்டுகளை மட்டுமே. மொத்தம் இருப்பவை 65,535. எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லி மறுபடி ஓட்டினால் 3632, 6697, 8787 போன்றவை புதிதாக முளைக்கும். 3632-இல் இருக்கும் டிஸ்ட்சிசிடி சேவையே ஒரு நுழைவாயில். முதல் ஸ்கேனோடு திருப்தி அடைந்தவர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்.

பிறகு, திறந்திருக்கும் போர்ட்டுகளுக்கு மட்டும் பதிப்பு கண்டறியும் ஸ்கேன். முதலில் அகலமாக, அடுத்து ஆழமாக என்ற இந்த வரிசை நேரத்தை மிச்சப்படுத்தும். முடிவுகளைக் கோப்பில் சேமிக்கும் தேர்வு என்மேப்பிலேயே உண்டு. அதை இல்லாமல் ஓட்டாதீர்கள்.

## 11. ஓர் ஓட்டையை அடிவரை பாருங்கள்

21ஆம் போர்ட்டில் விஎஸ்எஃப்டிபிடி என்ற கோப்புப் பரிமாற்ற (எஃப்டிபி) சர்வரின் 2.3.4 பதிப்பு தெரியும். மெட்டாஸ்ப்ளாய்டில் இதற்கு ஒரு தயார் மாட்யூல் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். கையால் செய்வோம், அப்போதுதான் உள்ளே நடப்பது புரியும்.

முதலில் இலக்கின் திரையில் நெட்ஸ்டாட் கட்டளையால் காத்திருக்கும் போர்ட்டுகளைப் பட்டியலிடுங்கள். 6200 இருக்காது. காளியில் வயர்ஷார்க் ஓடட்டும். நெட்கேட் வழியாக 21ஆம் போர்ட்டோடு இணைந்து, யூசர் (USER) கட்டளையில் ஏதோ ஒரு பெயரைக் கொடுத்து அதன் இறுதியில் :) என்ற சிரிப்புக் குறியைச் சேருங்கள். அடுத்து பாஸ் (PASS) கட்டளையில் எதையாவது கொடுங்கள். பதில் எதுவும் வராமல் நின்றுவிடும், பரவாயில்லை. இலக்கில் மறுபடி நெட்ஸ்டாட் பாருங்கள். 6200 திறந்திருக்கும்.

இன்னொரு டெர்மினலில் அந்த 6200-க்கு நெட்கேட் போடுங்கள். வெறும் கர்சர்தான் தெரியும். வேலை செய்யவில்லை என்று நினைத்துப் பலர் இங்கே மூடிவிடுகிறார்கள்! கட்டளை கேட்கும் குறியைக் காட்டாத ஷெல் (கட்டளைகளை ஏற்று இயக்கும் நிரல்) அது. ஐடி (id) என்று தட்டுங்கள். ரூட், அதாவது முழு அதிகாரமும் உள்ள பயனர், என்று பதில் வரும்.

இந்தக் கதவு நிரலில் தவறுதலாக விழுந்தது கிடையாது. 2011-ஆம் ஆண்டு, இந்த மென்பொருளை இறக்கும் இடத்தில் இருந்த மூலக் கோப்பையே யாரோ மாற்றி, பின்கதவு வைத்த பிரதியைப் போட்டுவிட்டார்கள். டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்தவர்களுக்கு அது பொருந்தவில்லை, பிடித்துவிட்டார்கள். சரிபார்க்காமல் நிறுவியவர்கள் தங்கள் சர்வரின் ரூட் அதிகாரத்தைத் தாங்களே கொடுத்தார்கள். மூன்றாம் படியின் காரணம் இதுதான்.

பயிற்சி இன்னும் முடியவில்லை. ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி, இலக்கில் ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் ஃபயர்வால்) விதி ஒன்றால் 6200-க்கு வரும் இணைப்புகளை மறித்துவிட்டு, அதே தாக்குதலை மறுபடி செய்யுங்கள். உள்ளே நுழைய முடியாது. ஆனால் நெட்ஸ்டாட்டில் 6200 திறந்தே இருக்கும். நோய் அப்படியே, அறிகுறியை மட்டும் மறைத்திருக்கிறோம். சேவையை நிறுத்துவது அல்லது நல்ல பதிப்பை நிறுவுவதுதான் உண்மையான தீர்வு என்பதை ஒரு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். வேலைக்குப் போகும் இடத்தில் உங்களிடம் கேட்கப்போவது அந்த வாக்கியத்தைத்தான்.

## 12. வலைச் செயலிகளுக்கு வாருங்கள்

காளியின் உலாவியில் இலக்கின் முகவரியைத் திறந்தால் டிவிடபிள்யூஏ என்ற இணைப்பு இருக்கும்; வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்த வலைச் செயலி அது. உள்ளே போனதும் பாதுகாப்பு நிலையை லோ என்று மாற்றிச் சமர்ப்பியுங்கள்; இதை மறந்துவிட்டு எதுவும் வேலை செய்யவில்லை என்பவர்கள் அதிகம்.

எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் (தரவுத்தளக் கட்டளைக்குள் நம் எழுத்தைப் புகுத்துவது) பக்கத்தில் முதலில் ஒரு சாதாரண எண். அடுத்து ஒற்றை மேற்கோள் குறி மட்டும். தரவுத்தளத்தின் பிழைச் செய்தி அப்படியே திரையில் கொட்டும். நீங்கள் தட்டிய எழுத்து தரவாக நிற்காமல் கட்டளையின் பகுதியாக மாறியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். பர்ப் சூட்டின் உள்ளமைந்த உலாவியில் இதையே செய்து, கோரிக்கை எந்த வடிவில் போகிறது என்று பாருங்கள்.

"வியூ சோர்ஸ்" பொத்தானை அழுத்தி லோ, மீடியம், ஹை மூன்றின் நிரலையும் அருகருகே வைத்துப் படியுங்கள். மீடியம் எதைத் தடுக்க நினைத்து எதைத் தவறவிட்டது என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே உண்மையான பாடம். எஸ்க்யூஎல்மேப் போன்ற தானியங்கிக் கருவி அதற்கு அப்புறம்.

## 13. குறிப்பு எழுதுங்கள்

ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு பக்கம்: எந்த ஸ்னாப்ஷாட், என்ன எதிர்பார்த்தேன், என்ன கட்டளை, என்ன வந்தது, ஏன் வந்தது, எப்படிச் சரிசெய்வது. ஸ்கிரீன்ஷாட் மட்டும் சேமித்தால் ஒரு மாதம் கழித்து அது எதற்கென்று தெரியாது. "ஏன்" என்ற இடம் காலியாக இருந்தால் அந்தப் பயிற்சியைத் திரும்பச் செய்யுங்கள்.

## 14. எப்போது விரிவாக்கலாம்

லினக்ஸ் கட்டளைகளிலேயே தடுமாற்றம் இருந்தால் ஓவர்தவயர் தளத்தின் பேண்டிட் விளையாட்டை முடியுங்கள். வலைப் பக்கம் ஈர்த்தால் ஓவாஸ்ப் ஜூஸ் ஷாப், வெப்கோட் என்ற ஓட்டையுள்ள பயிற்சிச் செயலிகள் இரண்டையும் லேப்புக்குள் நிறுவலாம். ட்ரைஹேக்மி, ஹேக் த பாக்ஸ் தளங்களில் அனுமதியோடு தாக்க இலக்குகள் தருகிறார்கள். அங்கே விபிஎன்னில் இணைய இணையம் தேவை என்பதால், அதற்குத் தனிக் காளி மெஷின் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனங்களின் பயனர்களையும் கணினிகளையும் நிர்வகிக்கும் விண்டோஸ் ஆக்டிவ் டைரக்டரி கற்க, விண்டோஸ் சர்வரின் 180 நாள் சோதனைப் பதிப்பு கிடைக்கிறது. அதற்கு 16 ஜிபி ரேமாவது வேண்டும். உண்மையான மால்வேர் மாதிரிகளை மட்டும் இந்த லேப்புக்குள் கொண்டுவராதீர்கள். ஹோஸ்ட்-ஒன்லியில் உங்கள் சொந்தக் கணினியும் அந்த நெட்வொர்க்கில்தான் நிற்கிறது. புதிதாக எந்த மெஷினைச் சேர்த்தாலும் ஏழாம் படியின் மூன்று சோதனைகளையும் மறுபடி செய்துவிட்டுத்தான் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.